இரவல் தாளம்

ஒரு பாடகருக்கு ஐம்பது வயது பூர்த்தியானால் ஜனங்கள் அவரிடம் எதிர்பார்ப்பது அதிகமில்லை. பொன்னாடை போர்த்தினால் தலை குனிந்து ஏற்றுக்கொள்ள வேண்டும். பழைய பாட்டுக்களில் நாலைந்தைக் குரல் நடுங்காமல் பாடிக் காட்ட வேண்டும். பிறகு, "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஸங்கீதமாவது, ஒன்றாவது!" என்று ஒரு வார்த்தை சொல்லிப் பெருமூச்சு விட்டு உட்கார்ந்துவிட வேண்டும். இவ்வளவையும் ஒழுங்காகச் செய்கிறவரைப் பெரியவர் என்று எல்லாரும் கொண்டாடுவார்கள்; அவருடைய புதிய பாட்டை மட்டும் யாரும் கேட்க மாட்டார்கள்.

டேவிட் போவி என்ற ஆங்கிலப் பாடகர் இந்தச் சம்பிரதாயத்துக்கு உட்படவில்லை. 1997-ஆம் வருஷம் ஜனவரி 8-ந் தேதி அவருக்கு ஐம்பது வயது பூர்த்தியாயிற்று. மறுநாள் நியூயார்க் நகரில் மாடிஸன் ஸ்கொயர் கார்டன் என்னும் பிரம்மாண்டமான அரங்கத்தில் பிறந்த நாள் கச்சேரி நடந்தது. பொன்னாடைக் கட்டம் அத்துடன் முடிந்தது. பிப்ரவரி 3-ந் தேதி, 'எர்த்லிங்' என்ற பெயரில் ஒன்பது பாட்டுக்கள் அடங்கிய ஆல்பம் ஒன்றை அவர் வெளியிட்டார். அதைக் கேட்டவர்களில் சிலர் எழுந்து ஆடினார்கள். சிலர் எழுந்து வெளியே போனார்கள்.

காரணம் இதுதான். அப்பொழுது லண்டன் வாலிபர்கள் நடன கூடங்களில் வளர்த்து வந்த 'டிரம் அண்ட் பேஸ்' என்னும் அதிவேகத் தாளத்தைப் போவி எடுத்துக் கொண்டார். தாம் முப்பது வருஷ காலமாகப் பாடி வந்த ராக் இசையோடு அதைக் கலந்துவிட்டார். அந்தக் கலப்பைப் பற்றி அன்று கேட்டவர்களும் பின்னால் கேட்டவர்களும் கொண்ட அபிப்பிராயங்களையே இந்த வாரம் விசாரிக்க உத்தேசம்.

"பாட்டை விசாரித்தால் போதாதா? பாட்டைக் கேட்டவர்களையுமா விசாரிக்க வேண்டும்?" என்று நேயர்கள் கேட்கலாம். பாட்டைப் பற்றி ஒருவர் சொல்லும் அபிப்பிராயத்தில் பாட்டின் லட்சணம் பாதி தெரிகிறது. சொல்கிறவருடைய லட்சணம் மற்றப் பாதி தெரிகிறது. இந்த ஆல்பத்தின் விஷயத்தில் அந்த இரண்டாவது பாதிதான் அதிக ருசிகரமாயிருக்கிறது.

*

ஆல்பத்தின் பெயரிலேயே ஒரு வேடிக்கை உண்டு. 'எர்த்லிங்' என்றால் பூலோகவாசி என்று பொருள். 1972-ல் தலைமயிரைச் செக்கச் செவேலென்று ஆக்கிக்கொண்டு, ஏதோ வேற்றுக் கிரகத்திலிருந்து இறங்கி வந்தவரைப்போல் 'ஜிக்கி ஸ்டார்டஸ்ட்' என்ற வேஷத்தில் பெரும் புகழ் பெற்றவர் இந்தப் போவி. இருபத்தைந்து வருஷம் கழித்துத் தாமும் பூலோகவாசிதான் என்று ஒப்புக்கொள்ள அவருக்குத் தோன்றியது போலும்!

அட்டைப் படத்தில் பச்சைப் பசேலென்ற ஆங்கில நாட்டுப்புறத்தைப் பார்த்தபடி, நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். அவர் அணிந்திருப்பது யூனியன் ஜாக் கொடியைப்போல் தைத்த நீண்ட அங்கி. அலெக்ஸாண்டர் மக்வீன் என்ற உடையலங்கார நிபுணரும் போவியும் சேர்ந்து யோசித்துத் தயாரித்தது அது. அந்தக் கொடி நம்முடைய கோட்டையிலிருந்து 1947-ல் இறங்கிவிட்டபடியால், அதை யார் சட்டையாகத் தைத்துக் கொண்டாலும் இனி நமக்கு ஆட்சேபமில்லை. ஆனால் ஒரு விஷயம் கவனிக்கத் தக்கது. அந்த அங்கி புத்தம் புதிதாகப் பளபளக்கவில்லை. வேண்டுமென்றே அதை நைந்து போனாற்போல் செய்திருக்கிறார்கள். உறைக்கு உள்ளே ஒலிப்பதோ, அந்தக் கொடியின்கீழ் ஒரு காலத்தில் ஆளப்பட்ட ஜனங்களிடமிருந்து லண்டன் நகரத்துக்கு வந்து சேர்ந்த ஒலி.

1948-க்குப் பிறகு, ஜமெய்க்கா முதலிய மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பிரிட்டனுக்குப் பிழைப்புத் தேடிச் சென்றன. ஜமெய்க்கா சுதந்தரம் பெற்றது 1962-ல். அந்தத் தீவுக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஆளுயர ஒலிபெருக்கிகளை அடுக்கி வைத்து, இசைத்தட்டுக்களைச் சுழலவிட்டு, மந்தர ஸ்தாயி நெஞ்சுக்குள் புகுந்து அதிரும்படி கேட்பார்கள். இந்த வழக்கம் அவர்களோடு சீமைக்குப் போயிற்று. 1990-க்குப் பிறகு, அவர்களுடைய பேரப்பிள்ளைகள் காலத்தில், லண்டனிலும் பிரிஸ்டல் நகரிலும் கறுப்பு வாலிபர்களும் வெள்ளை வாலிபர்களும் சேர்ந்து அந்த மந்தர ஒலியின்மேல் அமெரிக்க டிரம்ஸ் தட்டு ஒன்றைத் தலைதெறிக்கும் வேகத்தில் ஓடவிட்டார்கள். முதலில் 'ஜங்கிள்' என்றும், பிறகு 'டிரம் அண்ட் பேஸ்' என்றும் அதற்குப் பெயர் வழங்கியது. முழவும் மந்தரமும் என்று நாம் சொல்லிக் கொள்ளலாம்.

இதைப் பற்றி வெறும் இரைச்சல் என்று சொல்கிறவர்கள் உண்டு. உண்மையில் இதன் அமைப்பில் மிகத் தெளிவான கணக்கு ஒன்று இருக்கிறது. சாதாரண ராக் பாட்டில் நிமிஷத்துக்கு ஏறக்குறைய 120 அடி விழுகிறது என்று வைத்துக் கொள்வோம். டிரம் அண்ட் பேஸில் 160-க்கும் மேலே போகும். 170, 175 என்பது சகஜம். ஆனால் அடியிலே செல்லும் மந்தர ஒலி இந்த வேகத்துக்கு ஓடுவதில்லை. அது பெரும்பாலும் பாதி வேகத்தில், 80 அல்லது 85 அடிக் கணக்கில், யானை நடப்பதைப்போல் நடக்கிறது. மேலே துரித காலம். கீழே விளம்ப காலம். இரண்டும் ஒரே சமயத்தில் நடக்கின்றன. ஆடுகிறவர் இஷ்டப்பட்டால் மேலேயுள்ள தாளத்துக்குக் கால் போடலாம். களைத்துப் போனால் கீழேயுள்ள தாளத்துக்குத் தலையை அசைக்கலாம்.

ராக் இசை இந்த இடத்தில் என்ன செய்யும்? கிதாரின் நீண்ட முழக்கமும், பாடுகிறவருடைய வரியும், முன்னே சொன்ன 120 அடிக் கணக்குக்குப் பழகியவை. இரண்டையும் பொறுத்தும்போது, கிதார் ஓங்கினால் தாளத்தின் நுணுக்கம் மறைகிறது. தாளம் ஓங்கினால் பாட்டு மூச்சுத் திணறுகிறது. கலப்பதில் உள்ள கஷ்டம் இதுவே. கேட்பவர்கள் பல கட்சிகளாகப் பிரிந்ததற்கும் காரணம் இதுவே.

*

முதற் கட்சி, போவியின் பழைய ரஸிகர்கள். 1972-ல் இளைஞர்களாயிருந்து இவருடைய பாட்டுக்களை மனப்பாடம் செய்தவர்கள். "பாட்டு எங்கே? மெட்டு எங்கே? தகரக் கொட்டகையின்மேல் ஆலங்கட்டி மழை பெய்கிற மாதிரி அல்லவா இருக்கிறது?" என்பது இவர்களுடைய முறையீட்டின் சாரம். இவர்களைப் பரிகாசம் செய்வது சுலபம், ஆனால் நியாயமாகாது. மனிதனுடைய வாலிபப் பிராயம் எந்தப் பாட்டோடு ஒட்டிக் கொள்கிறதோ, அந்தப் பாட்டைப் பாடியவர் மாறும்போது தன்னுடைய வாலிபமே கைவிட்டுப் போவதுபோல் அவனுக்கு இருக்கிறது. ஆயினும் போவி விஷயத்தில் இந்த முறையீடு செல்லாது. ஓர் ஆல்பத்துக்கும் அடுத்த ஆல்பத்துக்கும் வேஷமும் குரலும் மாறுவதுதான் இவருடைய தொழில் என்பது 1972-லேயே இந்த ரஸிகர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டாவது கட்சி, நடன கூடத்து வாலிபர்கள். இவர்களுடைய ஆட்சேபம் நேர் எதிரானது. முதற் கட்சிக்குப் பாட்டு போதவில்லை. இவர்களுக்குப் பாட்டு அதிகமாகிவிட்டது. கிதாரும் குரலும் நடுவில் நின்று கொண்டு தாளத்தை மறைப்பதாக இவர்கள் நினைத்தார்கள். அதோடு ஒரு ரோஷமும் கலந்திருந்தது. கோல்டி என்பவர் 1995-லேயே 'டைம்லெஸ்' என்ற பெயரில் இந்த இசையில் நெடிய ஆல்பம் ஒன்று கொடுத்துவிட்டார். பிரிஸ்டல் நகரத்து ரோனி ஸைஸும் அவருடைய கோஷ்டியாரும் 1997-ல் வெளியிட்ட 'நியூ பார்ம்ஸ்' ஆல்பம், அவ்வருஷத்து மெர்க்குரி பரிசையே தட்டிக்கொண்டு போயிற்று. "எங்கள் வீட்டில் சமையல் ஆகி, பந்தியும் நடந்து கொண்டிருக்கிறது. இப்போது வந்து இவர் பரிமாறுகிறாரா?" என்று அவர்களுக்குத் தோன்றியதில் ஆச்சரியமில்லை.

மூன்றாவது கட்சி, பத்திரிகை விமர்சகர்களில் ஒரு சாரார். இவர்களுக்குப் பாட்டும் பொருட்டல்ல, தாளமும் பொருட்டல்ல, வயதுதான் பொருட்டு. ஐம்பது வயதுக்காரர் இருபது வயதுக்காரரின் ஆட்டம் ஆடலாமா என்பது கேள்வி. "இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்தாளாம்" என்று நம் ஊரில் சொல்வார்களே, அந்தப் பழமொழியின் ஆங்கிலப் பிரதிகள் பலவற்றை இவர்கள் வைத்திருந்தார்கள்.

நாலாவது கட்சி ஒன்றும் உண்டு. எந்தக் கூடத்திலும் அங்கத்தினராக இல்லாமல், காதில் விழுந்ததைக் கேட்டு, பிடித்திருந்தால் மறுபடியும் கேட்கிற ஜனங்கள். இவர்களுடைய தயவினால் ஆல்பம் பிரிட்டனில் விற்பனை வரிசையில் 6-வது ஸ்தானம் வரையில் ஏறியது. அமெரிக்காவில் 39-வது ஸ்தானம். 'லிட்டில் ஒண்டர்' என்ற முதற் பாட்டு பிரிட்டனில் 14-வது ஸ்தானத்தை எட்டியது. 1998-ல் அமெரிக்காவின் கிராமி பரிசுகளுக்குப் பரிசீலிக்கப்பட்ட ஆல்பங்களிலும் இது ஒன்று. அமெரிக்கரைக் கண்டு தமக்கு அச்சமாயிருக்கிறது என்று போவி பாடிய பாட்டை, டிரெண்ட் ரெஸ்னர் என்ற அமெரிக்கரே எடுத்துப் புது உருக்கொடுத்து வெளியிட, அதையும் அமெரிக்க ஜனங்கள் விரும்பிக் கேட்டார்கள். அந்த மட்டும் அவர்களுடைய பெருந்தன்மையைப் பாராட்ட வேண்டியதுதான்.

*

ஆக, நாலு கட்சிகள். இவற்றுக்குள் தீர்ப்புச் சொல்வதற்கு முன்னால், பாட்டுக்கள் உருவான இடத்துக்குப் போய் ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டு வரலாம்.

1996 ஆகஸ்டு முதல் நவம்பர் வரையில் நியூயார்க் நகரில் லுக்கிங் கிளாஸ் என்ற ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை நடந்தது. போவியுடன் ரீவ்ஸ் கேப்ரெல்ஸ் என்ற கிதார் வித்வானும் மார்க் பிளாட்டி என்ற ஒலிப்பதிவு நிபுணரும் சேர்ந்து பாட்டுக்களைத் தயாரித்தார்கள். பேஸ் கிதார் வாசித்தவர் கெய்ல் ஆன் டார்ஸி என்ற பெண்மணி. பியானோ, மைக் கார்ஸன். டிரம்ஸ், ஸாக்கரி ஆல்போர்டு.

டிரம் அண்ட் பேஸில் அதுவரை நடந்து வந்த வழக்கம் என்னவென்றால், பழைய இசைத்தட்டு ஒன்றில் டிரம்ஸ் தனியாக ஒலிக்கும் சில வினாடிகளை ஸாம்பிளர் என்னும் யந்திரத்தில் பிடித்துக் கொள்வார்கள். அதைத் துண்டு துண்டாக நறுக்கி, வேகத்தைக் கூட்டி, முன்னே இருந்ததைப் பின்னேயும் பின்னே இருந்ததை முன்னேயும் மாற்றிக் கோப்பார்கள். போவி கோஷ்டியார் பெரும்பாலும் வேறு வழியில் சென்றார்கள். ஆல்போர்டு தாமே சில நாட்கள் உட்கார்ந்து, சாதாரண வேகத்தில் பலவிதத் தட்டுக்களை வாசித்துப் பதிவு செய்தார். பிறகு யந்திரத்தின் உதவியால் அவற்றின் வேகத்தை நிமிஷத்துக்கு 160 அடி வரையில் உயர்த்தினார்கள். அவ்விதம் ஓடும் தட்டின்மேல் ஆல்போர்டு மறுபடியும் உட்கார்ந்து நேரில் வாசித்தார். தம்முடைய நிழலோடு தாமே போட்டி போட்ட மாதிரிதான்.

கேப்ரெல்ஸும் சும்மா இருக்கவில்லை. கிதாரில் வாசித்த துணுக்குகளை யந்திரத்தில் ஏற்றி, அவற்றைப் பியானோவைப் போன்ற கட்டைகளில் வைத்து வாசித்துப் பார்த்தார். 'லுக்கிங் பார் ஸாடிலைட்ஸ்' என்ற பாட்டில் அவருடைய தனி வாசிப்புக்குப் போவி ஒரு நிபந்தனை போட்டார். ஸ்வரக் கூட்டு மாறும் வரையில் ஒரே தந்தியில்தான் விரல் ஓட வேண்டும்! விரல் ஓட்டத்தில் கெட்டிக்காரரான ஒருவருக்கு இது தண்டனை மாதிரி. ஆனால் அந்த வாசிப்பைக் கேட்கும்போது, அடைத்து வைத்த தண்ணீர் ஒரே மடையின் வழியாகப் பாய்வதைப்போல் இருக்கிறது.

இனி, பாடுகிறவருடைய பாடு. நிமிஷத்துக்கு 160 அடி வேகத்தில் எந்த மனிதனும் நிதானமாக வார்த்தை சொல்ல முடியாது. போவி அதற்கு முயலவே இல்லை. மேலே ஓடும் தாளத்தை ஓடவிட்டு, கீழே நடக்கும் மந்தரத்தோடு சேர்ந்து பாதி வேகத்தில் பாடுகிறார். 'லிட்டில் ஒண்டர்' பாட்டைக் கேட்டால் இது விளங்கும். பனிப் பெண் கதையில் வரும் ஏழு குள்ளர்களின் பெயர்களையும் ஒவ்வொரு வரியில் ஒன்றாக நுழைத்துவிடுவதென்று ஆரம்பித்து, ஏழு பெயரும் தீர்ந்து போனதும் தாமே புதிய குள்ளர்களைச் சிருஷ்டித்துக் கொண்டாராம்! விளையாட்டுப் பிள்ளையின் காரியந்தான். ஆனாலும் விளையாட்டின் அடியில், எந்தத் தாளத்தின்மேல் எந்தக் குரல் உட்காரும் என்று தெரிந்த பழம் வித்வானுடைய கணக்கு இருக்கிறது.

இவ்வளவையும் பார்த்த பிறகு மூன்றாவது கட்சியின் வழக்கைத் தள்ளுபடி செய்துவிடலாம். வயதான ஒருவர் இளைஞர்களிடமிருந்து ஒரு வித்தையைக் கற்றுக் கொண்டால் அதில் கேவலம் எங்கே இருக்கிறது? கற்றுக் கொள்ளாமலே கற்றவர்போல் நடித்தால்தான் கேவலம். போவி கற்றுக் கொண்டார் என்பதற்கு அடையாளம் ஒலிப்பதிவிலேயே இருக்கிறது.

இரண்டாவது கட்சிக்கு மட்டும் கொஞ்சம் நின்று பதில் சொல்ல வேண்டும். அவர்களுடைய வீட்டுக்குள் போவி அழையாத விருந்தாளியாக நுழைந்தது வாஸ்தவம். நுழைந்தவர் எப்படி நடந்து கொண்டார் என்பதையும் பார்க்க வேண்டும். 1997 ஜூலையில், இங்கிலாந்தில் நடந்த பீனிக்ஸ் இசை விழாவில், பிரதான மேடைக் கச்சேரி தவிர, நடன இசைக்கென்று போட்டிருந்த கூடாரத்திலும் அவர் பாடினார். டேவிட் போவி என்ற பெயரில் அல்ல; 'தாவோ ஜோன்ஸ் இண்டெக்ஸ்' என்ற வேறொரு பெயரில். ஜோன்ஸ் என்பது அவருடைய பிறவிப் பெயர். அமெரிக்கப் பங்கு மார்க்கெட்டின் டௌ ஜோன்ஸ் குறியீட்டெண்ணையும் அது பரிகாசம் செய்தது. மறு வருஷம் கோல்டியின் 'ஸாட்டர்ன்ஸ் ரிட்டர்ன்' ஆல்பத்தில் 'டிரூத்' என்ற பாட்டைப் போவி பாடினார். வாசலில் நின்றவர்கள் முணுமுணுத்தாலும், வீட்டுக்காரரே உள்ளே கூப்பிட்டு இலை போட்டுவிட்டார் என்று இதற்கு அர்த்தம்.

*

ஆனால் 'இது எங்கள் தாளம்' என்று சொன்னார்களே, அந்த வார்த்தையை அவ்வளவு லேசில் விட்டுவிட முடியாது. இந்தத் தாளம் உண்மையில் யாருடையது?

1969-ல், வாஷிங்டன் நகரத்து 'வின்ஸ்டன்ஸ்' என்ற கோஷ்டியார் ஓர் இசைத்தட்டு வெளியிட்டார்கள். தட்டின் ஒரு பக்கத்தில் இருந்த 'கலர் ஹிம் பாதர்' என்ற பாட்டு பிரபலமாகி, 1970-ல் கிராமி பரிசும் பெற்றது. மறு பக்கத்தை நிரப்புவதற்காக, 'ஆமென், பிரதர்' என்று வாய்ப்பாட்டு இல்லாத உருப்படி ஒன்றை வாசித்திருந்தார்கள். அதன் நடுவில் மற்ற வாத்தியங்கள் எல்லாம் நிற்க, கிரெகரி கோல்மன் என்ற டிரம்ஸ் வித்வான் மட்டும் நாலு ஆவர்த்தனம் தனியாகத் தட்டுகிறார். கடிகாரத்தில் ஏறக்குறைய ஏழு வினாடிதான் ஆகும். அதன் வேகம் நிமிஷத்துக்கு ஏறக்குறைய 136 அடி.

அந்தச் சில வினாடிகளைத்தான் ஸாம்பிளர் யந்திரங்கள் பிடித்துக் கொண்டன. லண்டன் வாலிபர்கள் அதன் வேகத்தைக் கூட்டி, நறுக்கி, திருப்பிப் போட்டு, ஒரு புதிய ஸங்கீதத்தையே அதிலிருந்து உண்டாக்கினார்கள். ஆயிரக்கணக்கான இசைத்தட்டுக்களில் அது ஏறிவிட்டது. நேரே எடுத்தாண்டாலும் சரி, ஆல்போர்டைப்போல் புதிதாக வாசித்துக் கொண்டாலும் சரி, அந்தச் சில வினாடிகளின் சாயலிலிருந்து இந்தக் கலையில் யாரும் முழுதும் தப்பவில்லை. போவி லண்டன் வாலிபர்களிடம் இரவல் வாங்கினார் என்றால், அவர்கள் கோல்மனிடம் இரவல் வாங்கியிருந்தார்கள். அதுவும் கேளாமல் வாங்கியது.

வின்ஸ்டன்ஸ் கோஷ்டியின் தலைவரும் அந்தத் தட்டின் உரிமையாளருமான ரிச்சர்டு ஸ்பென்ஸருக்கு, இப்படி ஒரு காரியம் உலகத்தில் நடந்து கொண்டிருக்கிறது என்பதே 1996-ல்தான் தெரிய வந்தது. போவி நியூயார்க்கில் ஒலிப்பதிவு செய்து கொண்டிருந்த அதே வருஷம்! அதற்குள் வழக்குத் தொடர்வதற்குரிய காலவரம்பும் கடந்து போய்விட்டது. ஒரு காசு கூட அவருக்கு உரிமைத் தொகை வரவில்லை. கோல்மனுடைய கதை இதைவிட மோசம். தட்டியவர் அவர், ஆனால் உரிமை எழுதி வைத்துக் கொண்டவர் அவர் அல்லர். 2006-ல், வீடு வாசல் இல்லாத ஏழையாக அவர் இறந்து போனார். 2015-ல் இந்தத் தாளத்தின் அபிமானிகள் இங்கிலாந்தில் நிதி திரட்டி, ஸ்பென்ஸருக்கு 24,000 பவுன் அனுப்பினார்கள். கோல்மன் இறந்து அப்போது ஒன்பது வருஷம் ஆகியிருந்தது.

இதற்குப் பக்கத்தில் இன்னொரு கணக்கையும் வைத்துப் பார்க்கலாம். 'எர்த்லிங்' வெளிவந்த அதே 1997-ல், தமது பழைய ஆல்பங்கள் இருபத்தைந்திலிருந்து வருங்காலத்தில் கிடைக்கக் கூடிய உரிமைத் தொகையை ஈடாக வைத்துக் கடன் பத்திரங்கள் வெளியிட்டு, போவி 5 கோடியே 50 லட்சம் டாலர் திரட்டினார். 'போவி பத்திரங்கள்' என்று பண உலகத்தில் அவற்றுக்குப் பெயர். இது குற்றமல்ல. தான் பாடிய பாட்டின் உரிமையைப் பாடகன் தன் கையில் வைத்திருப்பது புத்திசாலித்தனம். இளம் வித்வான்கள் எல்லாரும் கற்றுக் கொள்ள வேண்டிய பாடம். ஆனால் ஒரே கலை உலகத்தில், ஒருவருடைய வருங்காலப் பாட்டு வருமானத்துக்கு இன்றே கோடிக்கணக்கில் விலை கிடைக்கிறது. மற்றொருவருடைய கைத் தாளம் உலகமெல்லாம் சுற்றி வந்தும், அவருக்குத் தலை சாய்க்க ஓர் இடம் கிடைக்கவில்லை. கலப்பு நல்லதா கெட்டதா, வயது சரியா தப்பா என்று நாலு கட்சியும் வாதாடினவே, இதைப் பற்றி யாரும் வாய் திறந்ததாகத் தெரியவில்லை.

*

பாட்டைப் பற்றி நம்முடைய அபிப்பிராயத்தையும் சொல்லிவிட வேண்டியது நியாயம். ஒன்பது பாட்டும் ஒரே தரம் என்று சொல்ல மாட்டோம். சிலவற்றில் தாளமும் கிதாரும் ஒரே வாசற்படியில் மோதிக் கொள்கின்றன. ஆனால் 'லிட்டில் ஒண்டர்', 'டெட் மான் வாக்கிங்' ஆகிய இரண்டிலும் கலப்பு நன்றாகக் கூடி வந்திருக்கிறது. 'பாட்டில் பார் பிரிட்டன்' பாட்டின் நடுவில் மைக் கார்ஸனுடைய பியானோ, ஒரு விகடகவி சபைக்குள் புகுந்ததைப்போல் திடீரென்று புகுந்து, எல்லாரையும் சிரிக்க வைத்துவிட்டு வெளியேறுகிறது. அந்த இடம் ஒன்றுக்காகவே ஆல்பத்தை இரண்டாம் முறை கேட்கலாம்.

போவி 2016-ஆம் வருஷம் ஜனவரி 10-ந் தேதி காலமானார். அவருடைய ஆல்பங்களை வரிசைப்படுத்திப் பார்க்கிறவர்கள் இதைப் பற்றி இன்னும் ஒத்துப் போகவில்லை. 1997-ஆம் வருஷத்து முத்திரை இதன்மேல் அழுத்தமாகக் குத்தியிருக்கிறது என்று சிலர் குறை சொல்கிறார்கள். அந்த முத்திரைக்காகவே இதை விரும்புகிறவர்களும் இருக்கிறார்கள். தபால் முத்திரை விழுந்துவிட்டது என்பதற்காகக் கடிதத்தைப் படிக்காமல் விடுகிறோமா, என்ன?

கேட்கப் போகிற நேயர்களுக்கு ஒரு யோசனை. முதல் முறை கேட்கும்போது மேலே ஓடும் தாளத்தைத் துரத்திக்கொண்டு போக வேண்டாம், மூச்சு வாங்கும். கீழே நடக்கும் மந்தரத்தைப் பிடித்துக் கொள்ளுங்கள். பாடுகிறவரும் அங்கேதான் நடந்து வருகிறார். அது பழகிய பிறகு, மேல் தாளம் தானாகவே காதில் தெளிவாக விழும். ஆல்பம் முழுதும் கேட்டு முடிந்ததும், 'ஆமென், பிரதர்' என்ற அந்தச் சின்ன உருப்படியையும் ஒரு முறை வைத்துக் கேளுங்கள். மொத்தம் மூன்று நிமிஷங்கூட ஆகாது. நடுவில் மற்ற வாத்தியங்கள் நின்று டிரம்ஸ் மட்டும் ஒலிக்கும்போது, பக்கத்தில் பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கு அந்த மனிதருடைய பெயரைச் சொல்லி வையுங்கள்: கிரெகரி கோல்மன்.